தலைமுறைதோறும் நீளும் ஒரு வரி

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட சிறப்புரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத் துறையிலிருந்து ஏதாவது பேசவேண்டும், ஆனால் நீரிழிவும் கொலஸ்திரோலும் வேண்டாம், அவை பற்றிப் போதியளவு கேட்டாயிற்று என்று செயற்குழுவினர் சொன்னார்கள். ஆகவே உங்களில் பலர் பெயரைக்கூடக் கேட்டிராத ஒன்றை எடுத்து வந்திருக்கிறோம். அதன் பெயர் பிரஜைல் எக்ஸ். எளிதில் முறியும் எக்ஸ் என்பது பொருள். பரம்பரையாக வரும் அறிவுசார் வளர்ச்சிக் குறைபாட்டுக்கு உலகில் மிகவும் பொதுவான காரணங்களுள் இது முதன்மையானது. இதைத் தெரிந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. இந்த நோயைப் பற்றிய செய்தி ஒரு வீட்டோடு நின்றுவிடக் கூடாது. அக்காவிடமிருந்து தங்கைக்கும், பெரியம்மாவிடமிருந்து பெறாமகளுக்கும், கடல் கடந்தும் அது போய்ச் சேரவேண்டும். அப்படிச் செய்தி கொண்டுபோகத் தெரிந்தவர்கள் எம்மைவிட யார்?

உயர்தர வகுப்பில் நாம் படித்த உயிரியலை ஒருமுறை நினைத்துப் பார்ப்போம். மெண்டலின் பட்டாணிச் செடிகள், நெட்டை, குட்டை, சதுரக் கட்டங்கள். பிறகு இலிங்கமிணைந்த தலைமுறையுரிமை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு வை. மகன் தன் ஒரே எக்ஸைத் தாயிடமிருந்து மட்டுமே பெறுகிறான். தந்தை தன் எக்ஸை மகள்மாருக்கு மட்டுமே கொடுக்கிறார். உதாரணத்துக்கு நிறக்குருடும், விக்டோரியா மகாராணி குடும்பத்துக் குருதி உறையா நோயும். பரீட்சையில் அந்தக் குடும்ப வரைபடத்தைக் கீறி முழுப் புள்ளி வாங்கியவர்கள் இங்கே பலர் இருக்கிறோம்.

அந்தப் பாடத்தில் சொல்லாமலே சொல்லப்பட்ட ஒரு விடயம் இருந்தது. பரம்பரையலகு, இன்று பலரும் சொல்வதுபோல மரபணு, கை மாறும்போது உருமாறாது என்பதுதான் அது. அம்மம்மாவின் தாலிக்கொடி அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து மகளுக்கு வரும்போது அதே நிறையோடு வருவதைப்போல. பிரஜைல் எக்ஸ் இந்த நம்பிக்கையைத்தான் உடைத்தது. இங்கே கைமாறும் பொருள் வழியிலேயே வளர்கிறது.

எப்படி வளர்கிறது? டி.என்.ஏ. என்பது ஏ, ரி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட நூல். எக்ஸ் நிறமூர்த்தத்தின் நீண்ட கையின் நுனிக்கு அண்மையில் எவ்.எம்.ஆர்.1 என்ற பரம்பரையலகு இருக்கிறது. அதன் தொடக்கப் பகுதியில் சி-ஜி-ஜி என்ற மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எம் எல்லோரிடமும் அது உண்டு. பெரும்பாலானோரிடம் 29 அல்லது 30 தடவை வரும். 44 வரை வந்தால் சாதாரணம்.

வகுப்பில் கதைத்ததற்காக ஒரே வசனத்தை "நூறு தரம் எழுதிவா" என்று தண்டனை பெற்றவர்கள் இந்த மண்டபத்தில் இருப்பீர்கள். ஒரே வரியை எழுதிக்கொண்டு போகும்போது என்ன நடக்கும்? எண்ணிக்கை தவறும். எழுதிய வரியிலேயே திரும்பவும் கண் போகும். ஒன்று கூடிவிடும். கெட்டிக்காரப் பிள்ளைகள் பத்து வரிக்கு ஒருமுறை ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். அந்த அடையாளம் இருந்தால் தவறுவது குறைவு.

எமது கலங்களும் டி.என்.ஏ.யைப் பிரதி பண்ணும்போது இதேபோலத்தான் தடுமாறுகின்றன. ஒரேமாதிரியான தொடர் நீளும்போது இழை வழுக்குகிறது. சி-ஜி-ஜி தொடர் தனக்குள்ளேயே மடிந்து கொண்டை ஊசிபோலத் தடித்து நிற்கும் இயல்புடையது. அதைச் சரிசெய்யப் போன இடத்தில் மேலதிகமாகச் சில வரிகள் சேர்ந்துவிடுகின்றன. இயற்கையும் ஓரத்தில் கோடு போட்டுத்தான் வைத்திருக்கிறது. சாதாரண தொடரில் ஒன்பது அல்லது பத்து சி-ஜி-ஜிக்கு ஒருமுறை ஏ-ஜி-ஜி என்று ஓர் எழுத்து மாறி வரும். அந்த அடையாளங்கள் உள்ள தொடர் பெரும்பாலும் அப்படியே அடுத்த தலைமுறைக்குப் போகும். அடையாளம் இல்லாத நீண்ட தொடர்தான் ஆபத்தானது.

இனி இலக்கங்களைக் கவனியுங்கள். 45 முதல் 54 வரை இடைநிலை. 55 முதல் 200 வரை முன்விகாரம் என்கிறோம். 200ஐத் தாண்டினால் முழு விகாரம். முழு விகாரத்தில் கலம் அந்தப் பகுதியில் மெதைல் கூட்டங்களை ஒட்டி, அந்தப் பரம்பரையலகையே பூட்டிவிடுகிறது. உள்ளே புரதத்துக்கான செய்முறை ஓர் எழுத்தும் பிழையில்லாமல் இருக்கிறது. ஆனால் அறைக்குப் பூட்டு. அந்தப் புரதம், மூளையின் நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று பேசும் சந்திகளில் எந்தப் புரதம் எப்போது எவ்வளவு செய்யப்படவேண்டும் என்று மேற்பார்வை செய்வது. மேற்பார்வையாளர் இல்லாத வகுப்பறை எப்படியிருக்கும் என்று எமது ஆசிரியைகளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

முன்விகாரம் தந்தை ஊடாகப் போனால் 200ஐத் தாண்டுவது மிகமிக அரிது. அவர் தன் மகள்மார் எல்லோருக்கும் அதை முன்விகாரமாகவே கொடுப்பார். மகன்மாருக்கு அவர் கொடுப்பது வை என்பதால் ஒருவருக்கும் கொடுக்கமாட்டார். தாயிடம் இரண்டு எக்ஸ்கள் இருப்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நீண்ட எக்ஸ் போவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. அப்படிப் போகும்போதுதான் அது திடீரென்று நூற்றுக்கணக்கில் பெருகக்கூடும். தாயிடம் 60க்கு அண்மையில் இருந்தால் அந்த ஆபத்து நூற்றுக்குச் சில வீதமே. 70களில் இருந்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 100ஐத் தாண்டியிருந்தால் ஏறக்குறைய நிச்சயம்.

ஒரு பெண் பிள்ளையின் முட்டைகள் அவள் தாயின் கருப்பையில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன என்பதை நாம் படித்திருக்கிறோம். அதாவது எம்மை உருவாக்கிய முட்டை, எமது அம்மா அம்மம்மாவின் வயிற்றில் இருந்தபோதே உருவாகத் தொடங்கியது. பின்னர் பல பத்தாண்டுகள் அது காத்திருந்தது. எனவே ஒரு பையனிடம் இன்று தெரியவரும் நோயின் கதை, அவன் பிறப்பதற்கு முன்பே, அவனுடைய அம்மம்மாவின் காலத்துக்கும் அப்பால் தொடங்கியது.

இதைக் கண்டுபிடித்த கதையில் ஒரு பெண் இருக்கிறார். மகளிர் பாடசாலை ஒன்றின் நூற்றாண்டில் அவரைச் சொல்லாமல் போகக்கூடாது. ஜூலியா பெல் 1879 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் கேர்ட்டன் கல்லூரியில் கணிதம் படித்தார். பெண் என்பதால் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை. டப்ளின் திரினிற்றி கல்லூரியில் போய்ப் பட்டத்தைப் பெற்றார். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948 இல்தான். பின்னர் வைத்தியம் படித்து, 1920 இல், நாற்பது வயதைக் கடந்தபின் வைத்தியரானார். லண்டன் கோல்ற்றன் ஆய்வுகூடத்தில் குடும்பம் குடும்பமாகப் பரம்பரை நோய்களின் வரைபடங்களைத் தொகுத்தார். 1943 இல், தமது அறுபத்து நான்காவது வயதில், ஜேம்ஸ் பேர்டன் மார்ட்டின் என்ற நரம்பியல் வைத்தியரோடு சேர்ந்து ஒரு குடும்பத்தை விவரித்தார். இரு தலைமுறைகளில் பல ஆண்களிடம் வளர்ச்சிக் குறைபாடு. அது பெண்கள் வழியாக வந்திருந்தது. அந்தக் குடும்பத்தில் இருந்தது பிரஜைல் எக்ஸ்தான் என்று 1981 இல் உறுதிப்படுத்தப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், நூறு வயது நிறைந்தவராக, ஜூலியா பெல் காலமாகியிருந்தார்.

தசைகள் இறுகி நலியும் வேறொரு நோயில், தலைமுறைக்குத் தலைமுறை நோய் இளவயதிலேயே தொடங்குவதையும் அவர் 1947 இல் கணக்கிட்டுக் காட்டினார். பரம்பரையலகு உருமாறாது என்ற நம்பிக்கையில் ஊறியிருந்த அக்கால அறிஞர்கள், அது தரவு சேகரித்த முறையால் வந்த தோற்றம் என்றார்கள். 1992 இல் அந்த நோயிலும் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று தலைமுறைதோறும் நீள்வது தெரியவந்தது. அவர் தொகுத்த குடும்பங்களில் கண்டது வெறும் தோற்றமல்ல.

இடையில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். 1969 இல் அமெரிக்காவில் ஹேர்பேட் லப்ஸ், ஒரு குடும்பத்து ஆண்களின் எக்ஸ் நிறமூர்த்தத்தின் நுனியில் முறிந்து தொங்குவதுபோன்ற ஓர் ஒடுக்கத்தைக் கண்டார். நோய்க்குப் பெயர் வந்தது அந்தத் தோற்றத்தால். 1977 இல் அவுஸ்திரேலியாவின் கிராண்ட் சதர்லண்ட், ஃபோலிக் அமிலம் குறைந்த ஊடகத்தில் கலங்களை வளர்த்தால்தான் அந்த ஒடுக்கம் தெரியும் என்று காட்டினார். 1980களின் நடுப்பகுதியில் ஸ்ரெபனி ஷேர்மன் என்ற ஆய்வாளர் நூற்றுக்கணக்கான குடும்பங்களைக் கணக்கிட்டபோது ஒரு புதிர் எழுந்தது. நோயில்லாமலே நோயைக் கடத்தும் ஆண்கள் சிலர் இருந்தார்கள். அப்படியானவரின் சகோதரர்களிடம் நோய் ஏறத்தாழ 9 வீதம். மகள் வழிப் பேரன்மாரிடமோ ஏறத்தாழ 40 வீதம். ஒரே குடும்பம், ஒரே நோய், தலைமுறை இறங்க இறங்க ஆபத்து ஏறுகிறது. மெண்டலின் கட்டங்களுக்குள் இது அடங்கவில்லை. 1991 இல் எவ்.எம்.ஆர்.1 கண்டுபிடிக்கப்பட்டு, சி-ஜி-ஜி தொடரின் நீளம் அளக்கப்பட்டதும் ஷேர்மனின் புதிர் அவிழ்ந்தது. அப்போது எமது வகுப்பினர் சிறு பிள்ளைகள். எமது பாடநூல்களுக்குள் அது வந்து சேர்ந்திருக்கவில்லை.

இதெல்லாம் ஆய்வுகூடத்து விடயம்தானே, எமக்கென்ன என்று கேட்கலாம். ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவர். அவரது எக்ஸில் 72 சி-ஜி-ஜி. அவருக்கு அது தெரியாது. இரண்டு மகள்மார், ஒரு மகன். மூத்த மகள் வவுனியாவில், இளையவள் ரொறன்ரோவில், மகன் லண்டனில். மூத்தவளுக்கு ஒரு மகளும் ஒரு மகனும். மகனுக்கு நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை. முகத்தைப் பார்ப்பதில்லை. கைகளை உதறுகிறான். ரொறன்ரோவில் இளையவளுக்கு முப்பத்தாறு வயதில் மாதவிடாய் நின்றுவிட்டது. குழந்தை வேண்டி ஒவ்வொரு கிளினிக்காக ஏறி இறங்குகிறாள். ஊரில் தபாலதிபருக்கு அறுபத்தாறு வயதில் கை நடுங்கத் தொடங்கியது. தேநீர்க் கோப்பை ஆடுகிறது. நடையில் தள்ளாட்டம். வயதுதானே என்கிறார்கள்.

மூன்று நோய்கள், மூன்று வைத்தியர்கள், மூன்று கோப்புகள். உண்மையில் ஒரே வரி. அது நீண்ட அளவுதான் வேறு.

முன்விகாரம் உள்ளவர்களிடம் பூட்டு இல்லை. மாறாக அந்தப் பரம்பரையலகு அளவுக்கு மேல் வேலை செய்து, நீண்ட ஆர்.என்.ஏ.யை அதிகமாக உண்டாக்குகிறது. அது காலப்போக்கில் கலங்களுக்குத் தீங்கு செய்கிறது. இதனால் முன்விகாரம் உள்ள பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நாற்பது வயதுக்கு முன்பே சூலகம் ஓய்ந்துபோகிறது. ஐம்பது வயதைக் கடந்த ஆண்களில் ஏறத்தாழ 40 வீதமானோருக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வருகின்றன. பெண்களுக்கும் வரலாம், ஆனால் குறைவு. இந்த நடுக்க நோயை 2001 இல் அமெரிக்காவில் ரண்டி ஹகர்மனும் போல் ஹகர்மனும் அவர்களது குழுவினரும் விவரித்தார்கள். அதைக் கண்டுபிடிக்க வழிகாட்டியவர்கள் தாய்மார். பிரஜைல் எக்ஸ் பிள்ளைகளைக் கிளினிக்குக்குக் கூட்டிவந்த இடத்தில், தமது அப்பாமாருக்கு நடுக்கம் வருகிறது என்று அவர்கள் சொன்னார்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்ட வைத்தியர்கள் இருந்ததால் ஒரு புதிய நோய் வெளிச்சத்துக்கு வந்தது.

முழு விகாரம் ஏறத்தாழ 4000 முதல் 7000 ஆண்களில் ஒருவருக்கு என்று மதிப்பிடப்படுகிறது. முன்விகாரம் அதைவிட மிகவும் பொதுவானது. மேற்கு நாடுகளிலும் இஸ்ரேலிலும் எடுத்த கணக்குகளில் ஏறத்தாழ 150 முதல் 300 பெண்களில் ஒருவரிடம் அது உண்டு. கிழக்காசியாவில் இதைவிடக் குறைவு. இலங்கையிலும் விசேட கல்விப் பிரிவுகளில் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தத் தொடரின் நீளத்தை அளந்த ஆய்வு 2015 இல் வெளியாகியுள்ளது. ஆகவே இதை வெள்ளைக்காரரின் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

எமது பழைய மாணவிகளில் ஆசிரியைகள் பலர். அவர்களுக்காகச் சில வார்த்தைகள். இந்தப் பையன்கள் பலருக்கு நீண்ட முகம், பெரிய காதுகள், வளைந்து கொடுக்கும் விரல் மூட்டுகள் இருக்கலாம். ஆனால் சின்ன வயதில் தோற்றத்தில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். பேச்சுத் தாமதம், அமைதியின்மை, கூச்சம், சத்தத்துக்கும் நெரிசலுக்கும் மிரளுதல் ஆகியவைதான் முதலில் கண்ணில் படும். சிலருக்கு வலிப்பும் வரும். ஓட்டிசம் என்று மட்டும் பெயர் சூட்டப்பட்டு, அதன் காரணம் தேடப்படாமல் விடப்படுவோரும் உண்டு. முழு விகாரம் உள்ள பெண் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கே கற்றலில் தெளிவான சிரமம் இருக்கும். கலத்துக்குக் கலம் இரண்டு எக்ஸ்களில் ஒன்று உறங்கிவிடுவதால், விழித்திருக்கும் மற்றையது அவர்களைக் காக்கிறது. ஆனால் கணிதத்தில் பின்தங்கி, எதற்கும் பயந்து, கடைசி வாங்கில் ஒதுங்கியிருக்கும் பிள்ளையிடமும் இது இருக்கக்கூடும்.

அவர்களுக்கு "என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்" என்ற கட்டளை பெரும் தண்டனை. எதிரே நிற்காமல் பக்கத்தில் இருந்து பேசினால் பதில் வரும். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதைப் படமாகக் காட்டினால் மிரட்சி குறையும். சொல்லைவிடப் படம், விதியைவிடச் செய்து காட்டுதல் பயன்படும். பலருக்கு நல்ல நினைவாற்றலும் நகைச்சுவையும் மற்றவரைப்போல நடித்துக்காட்டும் திறமையும் உண்டு. நோயைக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் பேச்சுப் பயிற்சியும் தொழில்வழிச் சிகிச்சையும் வலிப்புக்கும் பதற்றத்துக்கும் உரிய மருந்துகளும் வாழ்க்கையை மாற்றுகின்றன. எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

இனி, சொல்லத் தயங்கும் விடயத்துக்கு வருவோம். எமது சமூகத்தில் இப்படியொரு பிள்ளை பிறந்தால் முதலில் விசாரிக்கப்படுபவள் தாய். கிரகணத்தன்று வெளியே போனாளா, கர்ப்பத்தில் பயந்தாளா, மருந்து குடித்தாளா என்று கேட்பார்கள். எக்ஸ் என்று தெரிந்ததும் "அவளின்ர பக்கத்துப் பழுது" என்பார்கள். மேலே சொன்ன குடும்பத்தைத் திரும்பிப் பாருங்கள். அந்தத் தாய்க்கு அது வந்தது ஆரோக்கியமாக வாழ்ந்து, மரியாதையோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பாவிடமிருந்து. அவருக்கு அவருடைய தாயிடமிருந்து. அந்த வரியை யாரும் தெரிந்து எழுதவில்லை. உண்ட உணவாலோ பார்த்த காட்சியாலோ அது நீளவில்லை. சொந்தத்துக்குள் கலியாணம் செய்ததாலும் இது வருவதில்லை. சில நோய்களுக்கு அது காரணமாகலாம். இதற்கு அல்ல. இங்கே ஒரே ஒரு எக்ஸ் போதும்.

பழி பயம் தருகிறது. பயம் வாயை மூடவைக்கிறது. "எங்கட குடும்பத்தில அப்பிடி ஒண்டும் இல்லை" என்ற வசனத்தைக் கிளினிக்கில் நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். தங்கைக்குக் கலியாணம் பேசுகிறார்கள், மச்சாளின் மகளுக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது, இப்போது இதைச் சொல்லவேண்டாம் என்கிறார்கள். அந்தப் பயத்தை நாம் சிறுமைப்படுத்தவில்லை. அது உண்மையான பயம். ஆனால் மறைப்பதால் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மா, தன் சூலகம் ஏன் ஓய்ந்தது என்று தெரியாமலே வருடக்கணக்கில் தன்னை நொந்துகொள்கிறாள். தபாலதிபரின் நடுக்கத்துக்குப் பொருந்தாத மருந்து மாறி மாறிக் கொடுக்கப்படுகிறது. பையனின் அக்காவுக்கு அந்த எக்ஸ் வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அவள் ஒன்றும் அறியாமல் தாயாகிறாள். தெரிந்திருந்தால் அவளுக்குத் தெரிவுகள் இருந்திருக்கும். என்ன தெரிவு என்பது அவளுடைய மனமும் சமயமும் வாழும் நாட்டின் சட்டமும் சார்ந்தது. ஆனால் தெரிவே இல்லாமல் செய்வதற்கு எமக்கு உரிமை இல்லை.

ஆகவே நடைமுறைக்கு வருவோம். காரணம் தெரியாத வளர்ச்சித் தாமதமோ ஓட்டிசமோ உள்ள பிள்ளை, நாற்பது வயதுக்கு முன் மாதவிடாய் நின்ற பெண், ஐம்பதைக் கடந்தபின் நடுக்கமும் தள்ளாட்டமும் வந்தவர். இந்த மூவரில் இருவர் ஒரே குடும்பத்தில் தாய்வழி இரத்த உறவினராக இருந்தால், வைத்தியரிடம் அதைச் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். கேட்க வேண்டியது எவ்.எம்.ஆர்.1 பரிசோதனை. சாதாரண நிறமூர்த்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதால் இந்த நோய் இல்லை என்று ஆகாது. முடிவு வந்தால் "இருக்கிறதா இல்லையா" என்று மட்டும் கேட்காமல், எத்தனை தடவை என்று இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த தலைமுறைக்குப் பயன்படப்போவது அந்த இலக்கம்.

ஒருவரிடம் கண்டால் யாருக்குச் சொல்வது? தாயின் சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும், அவர்களின் பிள்ளைகளுக்கும். அது அம்மப்பா வழியாக வந்தது என்று தெரிந்தால் அவருடைய மகள்மார் எல்லோருக்கும் அது நிச்சயமாக வந்திருக்கும். மகன்மாருக்கு அவரிடமிருந்து வந்திருக்காது. லண்டனில் இருக்கும் மகன் நிம்மதியாக இருக்கலாம். அந்த நல்ல செய்தியையும் சொல்லவேண்டும்.

எப்படிச் சொல்வது என்று பலர் எம்மிடம் கேட்பதுண்டு. நீண்ட விளக்கம் தேவையில்லை. தொலைபேசியில் இப்படி ஒரு செய்தி போதும்:

"அக்கா, தம்பிக்குப் பிரஜைல் எக்ஸ் எண்டு பரிசோதனையில தெரிய வந்திருக்கு. இது அம்மாவின்ர பக்கத்தால வந்திருக்கலாம் எண்டு டொக்டர் சொல்லுறா. உங்களுக்கோ பிள்ளையளுக்கோ இருக்க வேணும் எண்டில்லை, ஆனால் இருக்கலாம். உங்கட டொக்டரிட்ட எவ்.எம்.ஆர்.1 பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கோ. எங்கட அறிக்கையின்ர பிரதியை அனுப்புறம். செய்யிறதும் விடுறதும் உங்கட விருப்பம். எந்த நேரமெண்டாலும் எடுங்கோ, கதைப்பம்."

இதில் பழியும் இல்லை, கட்டாயமும் இல்லை. சிலர் பரிசோதிக்க விரும்பமாட்டார்கள். அது அவர்கள் உரிமை. நோய்க்குறி ஒன்றும் இல்லாத சிறு பிள்ளையைக் காவியா என்று பார்ப்பதற்கு அவசரம் இல்லை. அவள் வளர்ந்து தானே கேட்கும்வரை பொறுக்கலாம். ஆனால் கேட்கலாம் என்பதையாவது அவளுக்குத் தெரிவித்து வைக்கவேண்டும். இன்னொருவரின் முடிவை அவருடைய அனுமதியின்றிப் பொதுக் குழுவில் போடவும் கூடாது. சொல்லவேண்டியவருக்குச் சொல்வது வேறு, ஊருக்குச் சொல்வது வேறு.

சகோதரிகளே, யுத்தமும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் எமது குடும்பங்களை ஐந்து கண்டங்களில் சிதறடித்துவிட்டன. ஒரே அம்மம்மாவின் பேரப்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் காணாமலே வளர்கிறார்கள். முன்பு ஒரு முற்றத்தில் கூடியிருந்த காலத்தில், மாமாவின் நடுக்கமும் பேரனின் பேசாமையும் ஒரே கண்ணில் பட்டிருக்கும். இன்று அவை வெவ்வேறு நாடுகளின் கணினிகளுக்குள் கிடக்கின்றன. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்க எந்த வைத்தியசாலையாலும் முடியாது. குடும்பத்துப் பெண்களால் முடியும். யாருக்கு எப்போது பிள்ளை பிறந்தது, யாருக்கு என்ன வருத்தம் என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் நாங்கள்தான்.

இந்த நூற்றாண்டு மலரை வாசிப்பவர்கள் வீட்டில் ஒரு தாளை எடுத்து, மூன்று தலைமுறைகளுக்குக் குடும்ப வரைபடம் ஒன்று கீறுங்கள். உயர்தரத்தில் கீறியதுபோலத்தான். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். ஒவ்வொருவரின் பக்கத்திலும் தெரிந்த நோயையும் அது தொடங்கிய வயதையும் எழுதுங்கள். தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அதைத் தெரிந்த மாமியிடமோ பெரியம்மாவிடமோ இந்த வாரமே கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். பிரஜைல் எக்ஸ் இல்லாவிட்டாலும், மார்புப் புற்றுநோயோ இருதய நோயோ வேறேதாவதோ அந்தத் தாளில் தெரியக்கூடும். அதைப் பிள்ளைகளுக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.